கைவிடும் படிவம்

எங்கள் பக்கத்தில்
தலையை மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் இல்லை.
பக்கவாட்டில் ஆட்டினால் ஆம்.
வெளியூர்க்காரர்கள் கடையில் காபி கேட்டுவிட்டு
இருக்கிறதா இல்லையா என்று விளங்காமல் நிற்பார்கள்.
நாங்கள் சிரிப்போம்.
துருக்கி பேசும் வீடு, பல்கேரியம் பேசும் வீடு,
அந்த மேல்வெட்டில் மட்டும் எங்களுக்குள் சண்டையில்லை.

எண்பத்தைந்து சனவரி.
கார்ஜாலிக்கு மேலே மலைப்பாதையில் முழங்கால்வரை பனி.
நகரசபையின் இரண்டாம் அறையில் தட்டச்சு என் வேலை.
அடுப்பு என் பக்கம்.
வரிசை கதவின் பக்கம்.
படிவத்தில் ஒரே வாக்கியம்:
என் பழைய பெயரை மனமுவந்து துறக்கிறேன்.
மனமுவந்து முன்பே அச்சாகியிருந்தது.
பெயர்களை மட்டும் நான் அடிக்க வேண்டும்.

துறப்பதற்குத்தான் எத்தனை சொற்கள்!
விடுகிறேன், விலக்குகிறேன், நீக்கிக்கொள்கிறேன்,
நாளுக்கொரு திருத்தம் வந்தது தலைநகரிலிருந்து,
எது காதுக்கு மெதுவாக இருக்குமென்று.
மாட்டேன் என்பதற்கு
கடைசிவரை ஒரு கட்டம் வரவில்லை.

முமுனே வந்தாள்.
புகையிலைப் பிசினேறிக் கறுத்த விரல்கள்.
பெயர்ப்பட்டியலை அவள் பக்கம் தள்ளினார் அதிகாரி.
சம்மதமா?
தலை மேலே வெட்டியது. நாக்கு 'த்ச்' என்றது.
அறையில் எல்லோருக்கும் புரிந்தது,
வாசலில் துப்பாக்கியோடு நின்ற பையனுக்கும்.

அதிகாரி சொன்னார்:
உலகம் முழுக்க இதற்கு ஆம் என்றுதான் அர்த்தம்.
இன்று ஒருநாள் உலகத்தோடு ஒத்துப்போவோமே.
அடி, ஸ்த்ராவ்கா.

அடித்தேன். மக்தலேனா.
ஓர் எழுத்துச் சாவி சிக்கும்;
விரலால் நிமிர்த்திவிட்டு அடித்தேன்.
நடுவில் போட அவள் அப்பாவுக்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது.
மண்ணுக்குள் இருப்பவரிடம் யார் போய்ச் சம்மதம் கேட்பது?
எதையோ கொடுத்தேன்,
சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

அன்றிரவு லுபென் கேட்டார், சூப்பில் உப்பு போதுமா?
தலையசைக்கப் பயந்து
போதும் போதும் என்று வாயால் சொன்னேன்.

ஐந்து வருடம் கழித்து
அதே அறை, அதே இயந்திரம், வேறு சட்டம்.
இப்போது பெயரைத் திருப்பிக் கொடுக்கும் படிவம்.
வாக்கியம் கிட்டத்தட்ட அதே வாக்கியம்:
மக்தலேனா என்ற பெயரைக் கைவிடுகிறேன்.
மறுத்ததை மறுக்கவும் ஒரு முத்திரை வில்லை.

முமுனே இரண்டுமுறை படித்தாள்.
உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.
கைவிட வேண்டுமென்றால்
கை அதைப் பிடித்திருக்க வேண்டுமே.
சம்பள வரிசையில் அந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள்,
யாரையோ என்று நானும் திரும்பிப் பார்ப்பேன்.
விடுகிறேன் என்று போடாதே.
வாங்கவே இல்லை என்று போடு.

அப்படி ஒரு வரி இல்லையே, அம்மா.

இல்லாததைத்தானே அன்றைக்கும் அடித்தாய்.

குரலில் கோபம்கூட இல்லை.
விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

அச்சான வாக்கியத்தின்மேல்
பெருக்கல் குறியாக அடித்துக்கொண்டே போனேன்,
காகிதம் இரண்டு இடத்தில் ஓட்டையாகும்வரை.
ஓரத்தில் அடித்தேன்: வாங்கவில்லை.
சிக்குகிற சாவி இப்போதும் சிக்கியது.

அது மூன்று வாரத்தில் திரும்பி வந்தது,
செல்லாது என்று பச்சை மையில்.
அதற்குள் அவள் எதிர்னே பேருந்தில் ஏறிப் போயிருந்தாள்.
இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது,
ரிப்பன் சுருளுக்கு அடியில்.

கதவருகே போனவள்
கைப்பிடியில் கைவைத்தபடி ஒன்று கேட்டாள்:
அன்றைக்கு அடித்தது நீதான்,
ஒத்துக்கொள்கிறாயா?

எனக்கு வாய் வரவில்லை.
தலை அசைந்தது.

எந்தப் பக்கம் என்பதை
அவள்தான் பார்த்தாள்.